பாலைக்கு மணல் வேண்டுமா? ஹனூர்க் காடும் திரைப்பாடலின் பாலைநிலமும்

தமிழ்த் திரைப்படத்தில் பாலைநிலம் என்றால் பார்வையாளர் மனத்தில் உடனே எழும் காட்சி ஒன்றுதான்: கண்ணுக்கெட்டிய தூரம்வரை பொன்னிற மணல், அலையலையாய் மேடுகள், ஓர் ஒட்டகம், காற்றில் பறக்கும் மேலாடையுடன் இருவர், எங்கிருந்தோ ஒலிக்கும் ஒரு பாடல். அரை நூற்றாண்டுக்கும் மேலாக இக்காட்சி திரும்பத் திரும்பப் படமாக்கப்பட்டுள்ளது. இதற்காகப் படக்குழுவினர் ராஜஸ்தானுக்கும், பின்னர் எகிப்துக்கும் நமீபியாவுக்கும் சென்றனர். தமிழ் நிலத்தில் இல்லாத ஒன்றைத் தேடிச் சென்ற பயணங்களாகவே இவை சொல்லப்பட்டு வந்துள்ளன.

இலக்கண நூல் இதை வேறு விதமாகப் பார்க்கிறது. தொல்காப்பியம் ஐந்திணைகளை வகுக்கும்போது முல்லைக்குக் காட்டையும், குறிஞ்சிக்கு மலையையும், மருதத்துக்கு வயலையும், நெய்தலுக்குக் கடற்கரையையும் பகுத்துத் தந்துவிட்டு, நடுவில் நிற்கும் பாலைக்கு மட்டும் தனி நிலம் எதனையும் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் கோடை வெம்மையால் தம் இயல்பு கெட்டு நிற்கும் நிலையே பாலை என்று சிலப்பதிகாரம் காடுகாண் காதையில் விளக்குகிறது. அதாவது, பாலை ஓர் இடத்தின் பெயராக இல்லாமல் ஓர் இடத்துக்கு நேரும் நிலையின் பெயராக இருக்கிறது. அதன் பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல், உரிப்பொருள் பிரிதல். இவற்றுள் எதற்கும் மணல் கட்டாயத் தேவையன்று.

இந்த வேறுபாட்டை ஏட்டளவில் நிறுத்தாமல் நிலத்தில் வைத்துப் பார்ப்பதற்கு ஹனூரைவிடப் பொருத்தமான ஊர் அரிது.

ஹனூர் இன்று கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. 1997இல் அம்மாவட்டம் பிரிக்கப்படும்வரை மைசூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அதற்கும் முன்னர், 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் மாற்றி வரையப்படும்வரை, ஹனூரை உள்ளடக்கிய கொள்ளேகால் வட்டம் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. கன்னடமும் தமிழும் கலந்து புழங்கும் ஊர்கள் இன்றும் இவ்வட்டாரத்தில் பல. கிழக்கே மாதேஸ்வரன் மலை. அதனையடுத்துப் பாலாறு காவிரியில் கலக்கும் எல்லைப்புறம். அப்பால் தமிழ்நாட்டின் சேலம், ஈரோடு, தருமபுரி மாவட்டங்களின் காடுகள். சங்கப் பாடல்களில் வரும் எருமை என்னும் தலைவனின் நாட்டை மைசூர்ப் பகுதியாகக் கொள்ளும் அறிஞர் பலர். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன் மொழி வேறுபடும் தேயத்தை நோக்கிக் காடும் மலையும் கடந்து சென்றதாகப் பாலைப் பாடல்கள் பாடும். வழி நெடுக ஒரு மொழி மெல்ல மங்கி மற்றொன்று தெளிந்து கேட்கும் இத்தகைய எல்லைக் காடுகளே அப்பாடல்களின் இயல்பான களம்.

இதற்குச் சான்றாக நிற்பவை பாலைப் பாடல்களில் உலவும் விலங்குகளும் மரங்களுமே. நீர் கிடைக்காத யானை யா மரத்தின் பட்டையைப் பிளந்து ஈரத்தைச் சுவைக்கிறது. செந்நாய் தன் இணைக்கு இரை தேடுகிறது. மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசித் தீப்பற்றுகின்றன. கள்ளியும் ஓமையும் இருப்பையும் வழியோரம் நிற்கின்றன. ஒட்டகமோ மிக அரிதாக, விரல்விட்டு எண்ணத்தக்க இடங்களில் மட்டுமே தலைகாட்டுகிறது. யானையும் மூங்கிலும் உள்ள இடம் தார்ப் பாலைவனமாகவோ சகாராவாகவோ இருக்க இயலாது. அது இலையுதிர்க்கும் வறண்ட காடு. ஹனூரைச் சூழ்ந்துள்ள மாதேஸ்வரன் மலை வனவிலங்குச் சரணாலயமும் காவிரி வனவிலங்குச் சரணாலயமும் அத்தகைய காடுகளே. மழைக்காலத்தில் பசுமையாய் நிற்கும் மலைச்சரிவுகள், பங்குனி, சித்திரையில் இலை முழுவதும் கொட்டி, சாம்பல் நிறக் கிளைகளும் கருகிய புல்லுமாய் மாறிவிடுகின்றன. அப்போதும் அங்கே யானையும் செந்நாயும் உலவுகின்றன. இலக்கணம் கூறிய திரிபு ஆண்டுதோறும் கண்முன் நிகழ்கிறது.

மணலைத் தேடுவோருக்கும் இவ்வட்டாரம் வெறுங்கை காட்டுவதில்லை. ஹனூரிலிருந்து கொள்ளேகால் வழியாக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், காவிரியின் கரையில் தலக்காடு இருக்கிறது. மேலைக் கங்கர்களின் தலைநகராக விளங்கிய ஊர் அது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் வசமாகி ராஜராஜபுரம் என்று பெயர் பெற்றது. 1116ஆம் ஆண்டளவில் போசள மன்னன் விஷ்ணுவர்த்தனன் அதைக் கைப்பற்றி, அந்த வெற்றியையே தன் பட்டப்பெயராகச் சூடிக்கொண்டான். கீர்த்தி நாராயணர் கோயிலையும் எழுப்பினான். அக்கோயிலையும் ஊரின் பழைய சிவாலயங்கள் பலவற்றையும் மணல் மூடியது. பஞ்சலிங்க தரிசனம் என்னும் விழாவின்போது மணலுக்குள் தாழ்ந்து கிடக்கும் கோயில்களுக்கு மக்கள் படியிறங்கிச் செல்கின்றனர்.

இந்த மணல் எப்படி வந்தது என்பதற்கு இரு கதைகள் உண்டு. மக்கள் கதைப்படி, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விஜயநகரத்தின் சார்பாளராக இருந்த திருமலராயனை ராஜ உடையார் 1610இல் அகற்றிய காலத்தில், அவன் மனைவி அலமேலம்மா தன் நகைகளுக்காகத் துரத்தப்பட்டு, தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் அரசருக்கு மகப்பேறு இல்லாது போகட்டும் எனச் சாபமிட்டுக் காவிரியில் பாய்ந்தாள். நிலவியலாளர் கூறும் கதையில் பதினான்காம் நூற்றாண்டில் மேற்புறத்தில் கட்டப்பட்ட மாதவமந்திரி அணையும், ஆற்றின் வளைவும், தென்மேற்குக் காற்றும் இடம்பெறுகின்றன. நீரோட்டம் குறைந்து வெளிப்பட்ட ஆற்றுமணலைக் காற்று வாரிக் கொண்டுவந்து கரையில் குவித்தது. மணல்மேடு ஆண்டுக்கு 9 முதல் 10 அடிவரை ஊருக்குள் முன்னேறியதாக பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் தொகுத்த மைசூர் கெசட்டியர் பதிவு செய்தது.

இரு கதைகளும் ஒரு செய்தியில் உடன்படுகின்றன: தலக்காட்டு மணல் ஆற்றின் குழந்தை. அதன் அருகிலேயே நெல்லும் கரும்பும் விளைகின்றன. ஆகவே கேமராவின் சட்டத்துக்குள் தலக்காடு பாலைவனமாகத் தோன்றும். திணை இலக்கணத்தின்படி அது மருதத்தின் விளிம்பு. ஐம்பது கிலோமீட்டர் தள்ளிக் கோடையில் கருகி நிற்கும் ஹனூர்க் காடோ கேமராவுக்கு வெறும் காடு. இலக்கணத்துக்கு அதுவே பாலை. காண்பதற்கும் பொருளுக்கும் இடையிலான இந்த விலகலிலிருந்தே திரைப்பாடலின் பாலைவன வரலாற்றைத் தொடங்க வேண்டும்.

தமிழ்த் திரைப்படம் பெரும்பாலும் படப்பிடிப்புத் தளங்களுக்குள் அடங்கியிருந்த காலத்தில் அரபுக் கதைகளும் மாயாஜாலக் கதைகளும் தளத்தில் கொட்டிய மணலிலும் திரைச்சீலை வானத்திலும் நடந்து முடிந்தன. வெளிப்புறப் படப்பிடிப்பு பெருகிய 1960களில், உண்மையான மணல் தேவைப்பட்டது. அவ்வகையில் முதன்மையாகக் குறிப்பிடத்தக்கது 1969இல் வெளிவந்த ‘அடிமைப் பெண்’. எம்.ஜி.ஆர். தயாரித்து நடித்து, கே. சங்கர் இயக்கிய அப்படத்துக்காகக் குழுவினர் ராஜஸ்தான் சென்று ஜெய்ப்பூர் அரண்மனைச் சூழலிலும் பாலை மணலிலும் காட்சிகளை எடுத்தனர். பின்னாளில் எம்.ஜி.ஆரின் அடையாளமாகவே மாறிய வெண்ணிறத் தொப்பி அந்த வெயிலுக்காக அவர் அணியத் தொடங்கியது என்பது திரையுலகில் பரவலாகச் சொல்லப்படும் செய்தி.

அப்படப்பிடிப்பைச் சார்ந்த மற்றொரு நிகழ்வு வெளிப்புறப் பாடல் படமாக்கத்தின் அடிப்படை விதியைக் காட்டுகிறது. கே.வி. மகாதேவன் இசையில் ஒரு பாடலைப் பாடுவதற்கு இளம் பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்குள் அவர் கடுங்காய்ச்சலில் விழுந்தார். வேறு குரலில் பதிவு செய்துகொண்டு புறப்பட்டிருக்கலாம். எம்.ஜி.ஆர். அப்பாடலின் படப்பிடிப்பைத் தள்ளிவைத்து அவர் குணமடையும்வரை காத்திருந்தார் என்பதைப் பாடகரே பலமுறை நன்றியுடன் நினைவுகூர்ந்துள்ளார். இதில் எம்.ஜி.ஆரின் பெருந்தன்மை எவ்வளவோ, அவ்வளவு தொழில்நுட்பமும் அடங்கியிருக்கிறது. பின்னணிப் பாடல் முறையில் ஒலி முதலில் பிறக்கிறது. உருவம் அதைப் பின்தொடர்கிறது. சென்னையின் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு தொண்டை தயாராகாதவரை ராஜஸ்தானத்து மணலில் ஓர் உதடும் அசைய முடியாது.

மணலில் ஒரு பாடலைப் படமாக்குவது எத்தகைய வேலை என்பதை அறிந்தால், திரையில் தோன்றும் பாலைவனம் ஏன் அவ்வாறு தோன்றுகிறது என்பதும் விளங்கும்.

முதற் சிக்கல் ஒலி. பதிவு செய்த பாடலை ஒலிபெருக்கியில் போட்டு, நடிகர் அதற்கேற்ப வாயசைப்பர். தமிழ்ப் படக்குழுக்களில் இவ்வேலை ‘நாக்ரா’ என்றே வழங்கியது. ஓர் ஒலிப்பதிவுக் கருவியின் பெயர் தொழிலின் பெயராக நிலைத்துவிட்டது. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் செல்கிறது. படச்சுருளோ நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகிறது. ஆகவே ஒலிபெருக்கியிலிருந்து ஒவ்வொரு 14 மீட்டருக்கும் ஒரு சட்டம் தாமதம். தளத்தின் நான்கு சுவர்களுக்குள் இது ஒரு பொருட்டன்று. பாலைவனத்தின் அழகு அதன் தொலைவில் இருப்பதால், அங்கே நாயகியை 100 மீட்டர் தள்ளி ஒரு மேட்டில் நிறுத்துவார்கள். அவர் காதில் பாடல் விழும்போது ஏழு சட்டங்கள் கடந்திருக்கும். தனியொருவர் நிற்கும் காட்சியில் படத்தொகுப்பாளர் அதைச் சரிசெய்துவிடலாம். முன்னே நாயகனும் பின்னே வெகுதொலைவில் நடனக் குழுவும் ஒரே காட்சியில் இருந்தால் எந்தத் தொகுப்பாளராலும் இருவரையும் ஒருசேர இசைவிக்க முடியாது. இதற்குமேல், நண்பகலில் தரையை ஒட்டிய காற்று கொதிப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடுகிறது. தொலைவில் நிற்பவருக்குப் பாட்டே சரியாகக் கேட்பதில்லை.

இரண்டாவது ஒளி. வெளிர்மணல் வெயிலைத் திருப்பி அடிக்கிறது. ஒளிமானி அந்தப் பளபளப்பை அளந்து கணக்குச் சொன்னால், அதை அப்படியே நம்பும் ஒளிப்பதிவாளருக்கு முகங்கள் கருத்துவிடும். உச்சி வெயிலில் கண்குழிகள் இருண்டுபோகும். ஆகவே காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்பதே உண்மையான வேலை நேரம். பாலையின் சிறுபொழுது நண்பகல் என்று இலக்கணம் வகுத்தது. அந்த நண்பகலைத்தான் படக்குழு கூடாரத்துக்குள் கழிக்கிறது. திரையில் காணும் பாலைவனம் எப்போதும் பொன்னிறமாக இருப்பதன் காரணம் இதுவே.

மூன்றாவது மணல். ஒருவர் ஒருமுறை நடந்தால் மேடு கெட்டுவிடும். கால்தடம் பதிந்த இடத்தில் மறுமுறை எடுக்க இயலாது. காற்று வந்து அழிக்கும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது குழு அடுத்த மேட்டுக்கு நகர வேண்டும். ஒளிவிளக்குப் பணியாளர்கள், பலகை பிடிப்போர், ஒப்பனை உதவியாளர்கள் அனைவரும் சட்டத்துக்கு வெளியே சுற்றிவளைத்து நடப்பார்கள். படச்சுருள் காலத்தில் 400 அடிச் சுருள் ஒன்று நாலரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். புதுச் சுருளைக் கறுப்புப் பைக்குள் கைவிட்டு மாற்றும்போது ஒரு மணல்துகள் உள்ளே புகுந்தாலும் படச்சுருளில் கீறல் விழும். அது சென்னைக்குத் திரும்பி ஆய்வகத்தில் கழுவிப் பார்த்த பிறகே தெரியவரும்.

இந்த மூன்று சிக்கல்களும் சேர்ந்து ஒரு வடிவத்தை உருவாக்கின. துண்டு துண்டான காட்சிகள், கால்தடம் படாத மேடு, மிகத் தொலைவில் இரு உருவங்கள், உடனே மிக அருகில் ஒரு முகம். இவ்வடிவத்தில் பாலைவனம் ஆளில்லாத இடமாகவே தோன்றியாக வேண்டும். தடத்தை மறைப்பதே வேலையின் பாதி. ஒலியும் அவ்வாறே. பாடல் முழுவதும் வெளியிலிருந்து வந்தது. அந்த நிலத்தின் ஓசை எதுவும் சுருளில் ஏறவில்லை. நூறு பேர் உழைத்து உண்டாக்கிய தனிமை அது.

மெய்யான பாலைநிலங்கள் ஊமையாக இருந்ததில்லை. ஜெய்சல்மேர், பார்மேர் பகுதிகளில் மாங்கணியார், லங்கா என்னும் மரபிசைச் சமூகத்தினர் தலைமுறை தலைமுறையாகத் தம் புரவலர் குடும்பங்களின் பிறப்பிலும் திருமணத்திலும் பாடி வந்துள்ளனர். கமாய்ச்சா என்னும் வில்லிசைக் கருவியும் கர்த்தால் என்னும் மரக்கட்டைத் தாளமும் அவர்களுடையவை. 1960இல் விஜயதான் தேதாவுடன் இணைந்து ரூபாயன் சன்ஸ்தான் நிறுவனத்தைத் தொடங்கிய கோமல் கோட்டாரி அவ்விசையைப் பதிவு செய்து வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். கமாய்ச்சாக் கலைஞர் சாகர் கானுக்கு 2012இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. சுனில் தத்தின் ‘ரேஷ்மா அவுர் ஷேரா’ (1971), சத்யஜித் ராயின் ‘சோனார் கெல்லா’ (1974) முதலிய படங்கள் ஜெய்சல்மேரைத் திரைக்கு நன்கு அறிமுகப்படுத்திய அதே காலத்தில், அம்மணலின் சொந்தப் பாட்டும் மெல்ல வெளியே கேட்கத் தொடங்கியது.

தமிழ் மரபிலும் பாலைக்குத் தனி இசை உண்டு. பாலைத்திணையின் கருப்பொருள்களில் பாலை யாழும் துடியும் அடங்கும். வழிப்பறி செய்யும் ஆறலை கள்வரும் கேட்டால் தம் படைக்கலத்தைக் கைவிட்டு அருள் கொள்ளும்படி செய்வது பாலைப் பண் என்று பொருநராற்றுப்படை கூறுகிறது. இசையிலக்கணத்தில் ‘பாலை’ என்பது சுரவரிசைக்கே பெயர். செம்பாலை முதலான ஏழ்பாலைகளை விளக்குவதற்கு ஆபிரகாம் பண்டிதர் 1917இல் ‘கருணாமிர்த சாகர’த்திலும் விபுலாநந்த அடிகள் 1947இல் ‘யாழ் நூலி’லும் பெருமுயற்சி செய்தனர். நிலத்துக்கும் பண்ணுக்கும் ஒரே சொல் வழங்குவது, இத்திணையை இசையிலிருந்து பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டுகிறது.

ஹனூர்க் காட்டின் இசை கம்சாளை. மலை மாதேஸ்வரரின் அடியார்கள் வெண்கலத் தாளங்களை ஓங்கி வீசித் தட்டியபடி ஆடிப்பாடும் கலை அது. மாதேஸ்வரரின் நெடுங்கதை வாய்மொழிக் காப்பியமாகவே நூற்றாண்டுகளாகப் பாடப்பட்டு வருகிறது. மலைக்கு நடந்து செல்வோரின் வழிநடைப் பாட்டாகவும் அது இருந்தது. காட்டில் நடக்கிற மனிதனின் அச்சத்தைத் தணிப்பது வழிநடைப் பாட்டின் முதல் வேலை. பொருநராற்றுப்படை காலத்துப் பாணனுக்கும் அதுவே வேலை.

அச்சத்துக்கு அண்மைக் காலத்திலும் காரணம் இருந்தது. வீரப்பன் குழுவினர் நடமாடிய காடுகள் இவை. 1992இல் ஹனூர் வட்டாரத்தின் ராமாபுரம் காவல் நிலையம் தாக்கப்பட்டது. 1993 ஏப்ரலில் பாலாறு அருகே கண்ணிவெடி வெடித்தது. அடுத்துவந்த ஆண்டுகளில் மலைக்கிராம மக்களும் பழங்குடியினரும் இருபுறமும் நெருக்குண்டனர். அதிரடிப்படையினர் மீதான புகார்களை விசாரிக்கத் தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. ஆறலை கள்வரும் அரசனின் படையும் வழிப்போக்கரும் பாலைப் பாடல்களில் சந்திப்பது போலவே இங்கும் சந்தித்தனர். பாலை என்பதன் கொடுமை வெயிலில் மட்டும் இல்லை என்று பழம்பாடல்கள் அறிந்திருந்தன.

இனி உரிப்பொருள். பாலைக்குரியது பிரிவு. திரைப்பாடல் இதைத் தலைகீழாக்கியது. மணல்மேட்டில் காதலர் கூடுகின்றனர், ஆடுகின்றனர், ஒட்டகத்தில் ஏறிச் செல்கின்றனர். குறிஞ்சிக்குரிய புணர்ச்சி பாலையின் நிலத்தில் நடக்கிறது. திணைகள் மயங்குவதைத் தொல்காப்பியம் விலக்கவில்லை என்பதால் இதை இலக்கணப் பிழை என்று தள்ளிவிட முடியாது. ஆயினும் இந்த மயக்கத்துக்குக் கவிதைக் காரணம் அரிதாகவே இருந்தது. பெரும்பாலும் மணல் ஓர் ஆடம்பரப் பின்புலமாகவே நின்றது. ஷங்கரின் ‘எந்திரன்’ (2010) படத்தில் ஒரு காதற்பாடல் பிரேசிலின் லென்சாய்ஸ் மரனென்சஸ் தேசியப் பூங்காவில் எடுக்கப்பட்டது. வெண்மணல் மேடுகளுக்கிடையே மழைநீர் ஏரிகள் ததும்பும் இடம் அது. நல்ல மழை பெறும் நிலம் என்பதால் புவியியலார் அதைப் பாலைவனம் என்பதில்லை. தலக்காட்டைப் போலவே அதுவும் நீர் தந்த மணல். கேமராவுக்கு அந்த வேறுபாடு தேவைப்படவில்லை.

விதிவிலக்குகளும் உண்டு, அவை நினைவில் நிற்பதற்குக் காரணமும் உண்டு. மணிரத்னத்தின் ‘தில் சே’, தமிழில் ‘உயிரே’ (1998), லடாக்கின் குளிர்ப்பாலையில் ஒரு பாடலை எடுத்தது. சந்தோஷ் சிவனின் ஒளிப்பதிவில், காதலின் ஏழு நிலைகள் மரணத்தில் போய் முடிவதாக அமைந்த பாடல் அது. இருவரும் ஒரே சட்டத்தில் இருந்தும் அவர்கள் சேரப்போவதில்லை என்பதைப் பார்ப்பவர் உணர்கிறார். ராஜீவ் மேனனின் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ (2000) எகிப்தில் எடுத்த பாடலோ விடைக்காகக் காத்திருப்பவனின் பாடல். அதன் நடுவில் இருப்பது இன்னும் சொல்லப்படாத ஒரு சொல். பரத் பாலாவின் ‘மரியான்’ (2013) இன்னும் ஒரு படி நெருங்கியது. கன்னியாகுமரிக் கடலோர மீனவன் ஒருவன் பணம் ஈட்ட சூடான் சென்று கடத்தப்படுகிறான். ஊரில் ஒருத்தி காத்திருக்கிறாள். சூடானுக்காக நமீபியாவின் மணலில் படம்பிடித்தனர். நெய்தல் நிலத்தவன் பொருள்வயின் பிரிந்து பாலையில் அகப்படும் கதை அது. திணை இலக்கணத்தை ஒருபோதும் எண்ணாமலேயே ஒரு திரைக்கதை அதன் விதிகளுக்குள் வந்து நின்றது.

காரணம் வெளிப்படை. 1970களுக்குப் பிறகு தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் இலட்சக்கணக்கானோர் மெய்யான பாலைவன நாடுகளுக்கு வேலைக்குச் சென்றனர். தலைவன் பொருள் தேடிச் சுரம் கடந்து போவதும், தலைவி வீட்டிலிருந்து நாள் எண்ணுவதும் ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய இலக்கிய வழக்காக இருந்த நிலை மாறி, குடும்பங்களின் அன்றாடமாயின. அந்தப் பிரிவுக்கான பாட்டைப் பெரிய திரையைவிட எளிய ஒலிநாடாக்களே முதலில் கண்டுபிடித்தன. கேரளத்தில் எஸ்.ஏ. ஜமீல் 1970களில் எழுதிப் பாடிய ‘துபாய் கத்துப் பாட்டு’, வளைகுடாவிலுள்ள கணவனுக்கு மனைவி எழுதும் மடலாக அமைந்து மாப்பிளைப்பாட்டு மரபில் பெரும்புகழ் பெற்றது. அதில் மணல்மேடு காட்டப்படவில்லை, ஒட்டகம் இல்லை, படக்குழு எங்கும் செல்லவில்லை. வெறும் குரல். ஆயினும் திணை வகையில் அது முழுமையான பாலைப்பாட்டு.

தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு மணற்காடு இருப்பதையும் இங்கே நினைக்க வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்தின் தேரிக்காடு செம்மணல் மேடுகளால் ஆனது. இரும்புச் சத்தால் சிவந்த அம்மணலில் பல தமிழ்ப் படங்களின் சண்டைகளும் பாடல்களும் எடுக்கப்பட்டுள்ளன. திரையில் ஆளற்றதாகக் காட்டப்படும் அதே தேரியில் கிடைத்த நுண்கற்கருவிகளைத் தொல்லியலாளர்கள் ஸாய்னரும் ஆல்ச்சினும் 1956இல் விரிவாக ஆராய்ந்து எழுதினர். வரலாற்றுக்கு முந்தைய காலம் முதலே அங்கே மனிதர் வாழ்ந்தனர். பனையேறிகளின் பாதங்கள் இன்றும் அம்மணலில் பதிகின்றன. ஒரு காட்சிக்காக அழிக்கப்படும் கால்தடம் சில வேளைகளில் அந்த நிலத்துக்காரருடையது.

பாலையைப் படமாக்கும் எவரும் இதனால் மணலை விட்டுவிட வேண்டும் என்பது பொருளன்று. மணல் அழகியது, அதில் ஓர் உருவம் நடந்து போவதைக் காணும் இன்பம் உண்மையானது. மணலே பாலை என்று கொள்வதால் எது விடுபடுகிறது என்பதே கேள்வி. இலையுதிர்த்த காடு விடுபடுகிறது. நண்பகல் விடுபடுகிறது. துடியும் கம்சாளையும் கமாய்ச்சாவும் விடுபடுகின்றன. பிரிந்து போகிறவனும் காத்திருப்பவளும் விடுபடுகின்றனர். தமிழ் மரபு பாலைக்கு நிலம் ஒதுக்காததற்கு, எந்த நிலமும் பாலையாகக்கூடும் என்னும் அறிவும் ஒரு காரணமாக இருக்கலாம். பருவமழை தடுமாறும் இக்காலத்தில் அவ்வறிவு இலக்கிய நயமாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

மழை பொய்த்த ஆண்டுகளில் ஹனூரின் மேட்டுநிலங்களில் ராகியும் சோளமும் கருகுகின்றன. பிழைப்புத் தேடுவோர் பெங்களூருவின் கட்டட வேலைக்கும் எல்லைக்கு அப்பாலுள்ள கொங்கு நகரங்களுக்கும் பேருந்து ஏறுகின்றனர். சிறுவர் பாட்டி தாத்தாவிடம் விடப்படுகின்றனர். பேருந்து காட்டுவழியே செல்லும்போது இருபுறமும் இலையற்ற மரங்கள். பட்டை உரிக்கப்பட்ட ஒன்றிரண்டு மரங்களில் யானையின் தந்தத் தடம். யாராவது ஒருவரின் கைப்பேசியில் ஒரு பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கும்; கன்னடமோ தமிழோ, பாதி வழியில் மொழி மாறிவிடும். அங்கே கேமரா இல்லை. திணை, பொழுது, கரு, உரி அனைத்தும் இருக்கின்றன.